அண்ணாந்து பார்த்தவர்

அன்றைக்கு வளவில் இருந்தவர்கள்: சென்னையிலிருந்து வந்த, வீட்டுக்குச் சொந்தக்காரப் பங்காளிகள் மூன்று பேர், அம்மா, நான், அவர். வராதவர்கள் இரண்டு பேர். அப்பா சிங்கப்பூரில் யாருடைய மாடிக்கோ கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் ஆச்சி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெரிய வீட்டில் ஓர் அறை ஆச்சிக்குச் சொந்தம். மற்றவர்கள் எல்லோரும் வீட்டைப் பிரித்து விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஆச்சி போடவில்லை. ஆச்சி அறையின் சாவி எப்போதும் போல அம்மாவின் இடுப்பில் இருந்தது. அம்மா அந்த வீட்டின் காவல்காரி. நாங்கள் குடியிருந்தது பின்கட்டில்.

அவர் முற்றத்தின் நடுவில் போய் நின்றார். சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாகப் பூட்டிய அறைகள்; அதுதான் வளவு. டாக்டர் அவர் கழுத்தில் ஒரு பட்டை போட்டுவிட்டிருந்தார். பழுப்பு நிறம், பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்துப் பிரித்தார். சர்ரென்று ஒரு சத்தம். பட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக அண்ணாந்து பார்த்தார்.

காரைக்குடியின் பழைய தெருக்களில் அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் வீடு பிரிக்கிறவர். இடிப்பது வேறு, பிரிப்பது வேறு. இடிக்க இயந்திரம் போதும். பிரிக்க, எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும் கண் வேண்டும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு உத்திரம் கீறல் விழாமல் இறங்கினால்தான் விலை. கருங்கல் தூண், செதுக்கிய வாசல் நிலை, கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழைய சாமான் கடைகளுக்கோ, லாரி ஏறி வெளி மாநிலத்துக்கோ போகும். பங்காளிகள் அவரைக் கூப்பிடுவார்கள், அவர் வந்து அண்ணாந்து பார்ப்பார், ஒரு விலை சொல்வார். அவர் பார்த்துவிட்டுப் போன வீடு அடுத்த மழையைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அறுபது வயதிருக்கும். ஒல்லியான ஆள். வாழ்நாள் முழுவதும் மேலேயே பார்த்துப் பார்த்துக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. பட்டை போட்டிருக்கும்போது தலையைத் திருப்ப முடியாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் மொபெட்டோடு சேர்ந்து வட்டமடித்துத் திரும்புவார். செக்காலை ரோட்டில் இதனால் ஆட்டோக்காரர்கள் அவரை ஏசாத நாள் கிடையாது.

"யோவ், மூஞ்சியைத் திருப்பச் சொன்னா வண்டியைத் திருப்புறீக!"

"மூஞ்சிக்கு பிரேக் இல்லை தம்பி. வண்டிக்கு இருக்கு."

எங்கள் தெரு முனை டீக்கடையில் காலையில் கேட்கும் முதல் விசாரிப்பே அவரைப் பற்றித்தான் இருக்கும்.

"பட்டை கழுத்துல இருக்கா, கையில இருக்கா?"

"கழுத்துலதான். நம்ம தெருவுக்கு இன்னைக்கு ஒண்ணுமில்லை. டீயைக் குடி."

சிரித்துக்கொண்டுதான் பேசுவார்கள். ஆனால் அவருடைய மொபெட் சத்தம் கேட்டால் வாசலில் நிற்கிற பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். ஒரு வீட்டுப் பெரியவர் நேராகவே கேட்டார், "நீங்க எதிர்ப் பக்கமாப் போனா என்ன?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அந்த வீடு வரும்போது எதிர்ப் பக்கமாகவே போனார். எதிர்ப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதன்பிறகு தூக்கம் போனது.

அவருடைய கழுத்தைப் பார்த்த டாக்டர், "இனிமே அண்ணாந்து பாக்கக் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம்" என்று சொன்னாராம். இவர் சரி என்று எழுந்து, பட்டையை மாட்டப் போனவர், நின்று மேலே பார்த்து, "சார், ஒங்க மேசையைக் கொஞ்சம் அங்குட்டு நகட்டிப் போட்டுக்கங்க" என்றிருக்கிறார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை நான் காய்ச்சலுக்கு அங்கே போனபோது மேசை அறையின் மறு ஓரத்தில் இருந்தது. நோயாளிகள் உட்காரும் பெஞ்சு மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. நான் நின்றுகொண்டே காத்திருந்தேன்.

இதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. அவர் எந்தக் கூரைக்குக் கீழும் நிற்க மாட்டார். வீட்டுக்குள் வந்தால் விறுவிறுவென்று நடந்து முற்றத்துக்குப் போய்விடுவார், வானத்துக்குக் கீழேதான் பேச்சு. மத்தியானச் சோறு வேப்பமரத்தடியில். அவருடைய சொந்த வீடு, பைபாஸ் பக்கம் மரங்களை அடுக்கி வைத்திருக்கும் கிடங்கின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கோடையில் அதில் ஆள் இருக்க முடியாது. ஒருமுறை கேட்டேன், "இம்புட்டுத் தேக்கை வச்சுக்கிட்டு ஒரு நல்ல வீடு கட்டிக்கலாமே?"

"தகரம் விழுந்தா தலையில நாலு தையல். நீ சொல்ற வீடு விழுந்தா தையல் போடத் தலை வேணுமே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவரும் பயந்த ஆள் என்று எனக்குத் தெரிந்தது. ஊர் முழுவதும் அவருக்குப் பயந்தது. அவர், தலைக்கு மேலே இருக்கிற எல்லாவற்றுக்கும் பயந்தார்.

எனக்கு அவரோடு பேச்சு வந்ததற்குக் காரணம் என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வரலாறு படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஓட்டலில் தங்கும் விருந்தாளிகளைப் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிப்போவேன். கொப்புடைய நாயகி அம்மன் கோவிலில் ஆரம்பித்து, கல்லுக்கட்டி கடைத்தெரு வழியாக, நூல் பிடித்தது போல் ஓடும் தெருக்களுக்குள். வீட்டின் முகப்பு இந்தத் தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். கூரையில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, வடிகாலில் ஓடி, ஊருணிக்குப் போகும். முன்னொரு காலத்தில் கடற்கரைப் பட்டினத்தில் இருந்தவர்கள், கடல் பொங்கி எல்லாவற்றையும் கொண்டுபோனதால், தண்ணீரே இல்லாத இந்தச் செம்மண் பூமிக்கு வந்து, அந்தப் பயம் போகாமல் தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில் வீடு கட்டினார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்லும் இடத்தில் விருந்தாளிகள் படிகளைக் குனிந்து பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு ஞாயிறு, பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மொபெட்டை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "தம்பி சொன்னது வந்த கதை. போன கதையை யாரு சொல்றது?" என்றார்.

கார்கள் நிறுத்தியிருந்த ஒரு பொட்டலைக் காட்டினார். "இங்க ஒரு முகப்பு இருந்துச்சு. தூணு அம்புட்டும் கொச்சிக்குப் போயி ஓட்டல்ல நிக்குது. அடுத்த வீடு, இந்தா செல்போன் கடை இருக்குல்ல, அதோட நிலை ஒங்க ஊருக்குத்தான் வந்துச்சு. அங்குட்டு மூலை வீட்டு ஊஞ்சப் பலகை டெல்லியில சாப்பாட்டு மேசை. நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுல மாடிப் படியை மட்டும் கேட்டாக. படியைக் குடுத்துட்டு அவுக மாடிக்குப் போக ஏணி வச்சிருந்தாக, அது ஒரு வருசம்."

விருந்தாளிகள் முதலில் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. தெருவில் எங்கெல்லாம் இடைவெளி இருந்ததோ அங்கெல்லாம் கையைக் காட்டி, எது எங்கே போனது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் தினமும் நடந்த தெருதான். பல் விழுந்த வாயைப் போல அது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. விருந்தாளிகளின் சின்னப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அங்கிள், நாங்க தங்கியிருக்கற ஓட்டலும் பழைய வீடுதானே? அது விழுமா?"

அவர் கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். "இது கழுத்துல இருக்கில்ல தாயி. கழட்டினா மட்டும் பயப்படு."

மறுநாள் அந்தக் குடும்பம் அறையைக் காலி செய்துவிட்டது. ஓட்டல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வரலாறு சொல்லு, வேண்டாம்னு சொல்லலை. அந்த ஆளைப் பக்கத்துல விடாதே" என்றார். நான் விடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் என்னுடைய நடை சுருங்கிக்கொண்டே வந்தது. நின்று காட்ட ஒரு வீடு குறையும்போது அடுத்த வீட்டில் கூடுதல் நேரம் பேசினேன்.

அப்படிப்பட்ட ஆள்தான் எங்கள் வளவில் பட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்.

எங்கள் வளவு என்று எழுதிவிட்டேன். எங்களுடையது இல்லை. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று கொடுத்து, அவர்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரிந்து பிரிந்து, ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொருவருடைய பூட்டு தொங்கியது. முற்றமும் கூரையும் எல்லோருக்கும் பொது. எனவே முற்றத்தை அம்மா மட்டும்தான் பெருக்கினாள்.

ஆச்சிக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு கோயம்புத்தூரில் இருந்தார். ஊரைவிட்டுப் போகும்போது அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, "வெள்ளிக்கிழமைக்கு ஒரு விளக்கு வையி ஆத்தா. ஒம் மகனை உள்ள ஒக்காந்து படிக்கச் சொல்லு. அங்க ஃபேன் இருக்கு" என்றாராம். பின்கட்டில் எங்களுக்கு ஃபேன் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கும்வரை நான் படித்தது அந்த அறையில்தான். ஆச்சியின் சீர்ப் பாத்திரங்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும், நடுவில் நான். அம்மாவைப் பொறுத்தவரை அந்த விளக்கு கடன் இல்லை, நன்றி என்றும் சொல்லமாட்டாள். "சொல்லியிருக்காக, வைக்கணும்" என்பாள், அவ்வளவுதான்.

மேலே பார்த்து முடித்தவர் விலையைச் சொல்லாமல் ஆச்சியின் கதவைப் பார்த்தார். "இந்தப் பூட்டு யாரோடது?"

வெள்ளை ஷூ போட்ட பங்காளிதான் பேசினார். "அது எங்க பெரியம்மா ரூம். அவங்க சைன் பண்ணலை. அதை விட்டுட்டு மிச்சத்தைப் பிரிங்க."

"விட்டுட்டுன்னா?"

"அவங்க பங்கு அவங்களோடது. நாங்க தொட மாட்டோம். அதான் நியாயம்."

அவர் கையை உயர்த்தி உத்திரத்தைக் காட்டினார். "சார், பங்கு ரூம் ரூமா இருக்கும். வீடு அப்பிடி இல்லை. ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்குது. இங்குட்டு உத்திரத்தை உருவுனா அங்குட்டுச் சுவரு சும்மாத்தான் நிக்கும்."

"எத்தனை நாள் நிக்கும்?"

"வெயில் அடிக்கிற மட்டும் நிக்கும்."

"அது போதும். அதுக்குள்ள அவங்க மனசு மாறிடும்."

இன்னொரு பங்காளி ஆச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆச்சியின் குரல் முற்றத்தில் கணீரென்று கேட்டது. "ஒங்க பங்கைப் பிரிங்க, விலைக்குக் குடுங்க, நான் கேக்கலை. நான் கல்யாணமாகி வந்து ஏறுன அறை அது. என் கண்ணு மூடுற மட்டும் நிக்கட்டும். அங்க காவல்காரி இருக்காளா?"

"இருக்கேன் ஆச்சி."

"விளக்கு வைக்கிறியா?"

"வைக்கிறேன் ஆச்சி."

"அம்புட்டுதான்" என்று போனை வைத்துவிட்டார்.

பேரம் முடிந்தது. வெளியே அவர் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் போய்க் கேட்டேன், "தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஒத்துக்கிட்டீக?"

"நான் மாட்டேன்னா நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அவன் மேல பாக்கவே மாட்டான்." மொபெட்டோடு திரும்பி, வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி, மழை பேஞ்சா அந்த அறைக்குள்ள போகாதீக."

"வெள்ளிக்கிழமை பேஞ்சா?"

"வெள்ளிக்கிழமைக்குன்னு தனி மழையா பெய்யுது?"

அம்மா இடுப்புச் சாவியை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள். அப்படிச் செய்தால் அவள் போவாள் என்று பொருள். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான்: அந்த அறை அம்மா மேல் விழும்.

பிரித்தார்கள். கட்டியதற்குத் தலைகீழாக நடந்தது. முதலில் ஓடு, பிறகு பலகை, பிறகு உத்திரம், கடைசியில் தூண். அவர் தெருவில் நின்று ஒரு குச்சியால் காட்டுவார், ஆட்கள் கயிற்றில் இறக்குவார்கள். ஒரு சத்தம் கிடையாது, கூச்சல் கிடையாது. நல்ல வேலை என்றுதான் சொல்லவேண்டும், எனக்கு அதுவே தாங்கவில்லை. முகப்பு போய், வளவு போய், காவலுக்காக விட்டுவைத்த எங்கள் பின்கட்டுக்கு முன்னால் வெறும் தரை வந்தது. அதில் பூப்போட்ட கல் பதித்த இடங்கள் மட்டும் பாய் விரித்தது போலக் கிடந்தன. நடுவில் ஆச்சியின் அறை.

கதவு, பூட்டு, மேலே அதன் துண்டு ஓட்டுக்கூரை. பக்கத்து அறைகள் இருந்த பக்கமெல்லாம் அந்த அறைகளின் உட்சுவர் வெளிச்சுவராகியிருந்தது. யாரோ சட்டை மாட்டிய ஆணிகள், ஒரு மாடக்குழி, பச்சைச் சாயக் கோடு, எல்லாம் வெயிலில் நின்றன. ஆட்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். டீக்கடையில், "என்னடா, ஒங்க ரூம் பஸ்ஸுக்கு நிக்குது போலிருக்கு" என்றார்கள். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அந்தத் தரையைக் கடந்து போய்க் கதவைத் திறக்கும்போது என் முதுகில் வியர்த்தது. அவள் வெளியே வரும்வரை நான் வாசலிலேயே நிற்பேன்.

"எதுக்குடா பேய் மாதிரி நிக்கிறே? வேலைக்குப் போ."

"நீ சீக்கிரம் வா."

"விளக்கு எரியிற மட்டும் எரியணும்ல? திரி என்ன ஒனக்குப் பயந்துக்கிட்டா எரியும்?"

ஆச்சியின் மனம் மாறவில்லை. மழை வந்தது.

அந்த வாரம் முழுக்க நசநசவென்று பெய்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் வெறித்ததும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பினாள். தடுத்தேன். கையைத் தட்டிவிட்டுப் போனாள். உள்ளே போய் விளக்கை ஏற்றினாள். மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்து விளக்கு அணைந்துவிடும் என்று கதவைச் சாத்தினாள்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மரக்கட்டிலில் யாரோ புரண்டு படுத்தது போல. அவ்வளவுதான்.

"தம்பி, கதவு வரமாட்டேங்குது."

ஓடிப்போய்த் தள்ளினேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். என் தலைமேல் காரைத்துகள் கொட்டியது. மேலே பார்த்தேன். கதவுக்கு மேல் சுவரில் ஒரு கோடு, கூரையிலிருந்து நிலை வரைக்கும் இறங்கியிருந்தது. வீடு கட்டத் தெரிந்த அப்பா சிங்கப்பூரில் இருந்தார். தீயணைப்புக்குப் போன் போட்டேன். வண்டி மரம் விழுந்த இடத்துக்குப் போயிருக்கிறது, திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். அதன்பிறகு நான் கூப்பிட்டது அவரை.

மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தார். பட்டையைப் பிடித்து இழுத்தார், மழையில் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. அண்ணாந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் விழ விழத் துடைக்காமல் பார்த்தார்.

"கதவுல கை வச்சியா?"

"தள்ளினேன்."

"இனிமே வைக்காதே. சுவரு நிலை மேல ஒக்காந்துருச்சு. இப்ப அதைத் தாங்குறது அந்தக் கதவுதான்." பிறகு குரலை உயர்த்தினார். "தங்கச்சி, எந்தப் பக்கம் நிக்கிறீக?"

"விளக்குக்கிட்ட."

"விளக்கை விட்டுட்டு எதிர்ச் சுவரு மூலைக்குப் போங்க. போயி ஒட்டி நில்லுங்க."

"விளக்கு?"

"அது ஓடிப் போகாது!"

போனை எடுத்தார். எங்கள் வளவின் உத்திரங்கள் கேரளாவில் ஓர் ஓட்டலுக்குப் போக லாரியில் ஏறித் தயாராக நின்றிருந்தன. "தார்ப்பாயை அவுக்காதே, அப்பிடியே வண்டியை இங்க கொண்டா. ஆளுகளையும் ஏத்திக்க. ஓட்டல்காரன் கெடக்கான், நான் பேசிக்கிறேன்" என்றார்.

லாரி வரும்வரை அவர் மழையில் அசையாமல் நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்குகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சாமி பேரா, என்னை ஏசுகிறாளா என்று தெரியவில்லை.

லாரி வந்தது. எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் பார்த்த உத்திரங்களை ஆட்கள் இறக்கி, சாய்ந்த சுவருக்கு எதிராகச் சரித்து முட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டை வைக்கும்போதும் அவர், "மெல்ல, தொட்டுக்கிட்டு நின்னாப் போதும், தள்ளாதே" என்றார். பிறகு எதிர்ப் பக்கச் சுவரில் ஏணியைச் சாத்தி அவரே ஏறினார். ஓடுகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே கொடுத்தார். அடியிலிருந்த பலகையைக் கழற்றினார். ஆள் நுழையும் அளவுக்கு வானம் திறந்ததும் உள்ளே குனிந்து பார்த்தார். மேலேயே பார்த்துப் பழகிய ஆள் கீழே பார்த்து அன்றைக்குத்தான் நான் கண்டேன்.

"தங்கச்சி, ஏணியை இறக்குறேன். ஏறி வாங்க."

"இருங்கண்ணே, இந்த அண்டாவைப் புடிங்க."

"அண்டாவா?"

"ஆச்சியோட சீர். நனைஞ்சா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"ஏம்மா, சுவரு ஒங்க ஆச்சியைக் கேட்டுக்கிட்டா விழும்? அண்டாவை வையிங்க!"

அம்மா வரவில்லை. மேலேயிருந்து பார்த்தவருக்கு என்ன தெரிந்ததோ, பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கினார். எந்தக் கூரைக்குக் கீழும் நிற்காதவர் பாதிக் கூரைக்குக் கீழே நின்றார். அம்மா பயத்தில் சுவரோடு ஒட்டிப்போய் அசைய முடியாமல் நின்றிருந்தாளாம், வாய் மட்டும் அண்டா அண்டா என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். அவர் அவளுடைய காலை எடுத்து ஏணிப் படியில் வைத்திருக்கிறார், அடுத்த காலையும் எடுத்து வைத்திருக்கிறார். அம்மாவின் தலை கூரைக்கு மேலே தெரிந்தபோது அவளுக்கு முன்னால் ஒரு பித்தளை அண்டா வந்தது.

கீழே இறங்கியதும் அம்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தலையைத் துவட்டினேன், துவட்டிக்கொண்டே அழுதேன். அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். "நிக்கும். முட்டுக்கட்டையை எடுக்காத மட்டும் நிக்கும்" என்றார். அதன்பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது.

சாயந்திரம் ஆச்சிக்குப் போன் போட்டோம்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலையே ஆத்தா?"

"இல்லை ஆச்சி."

"அறை?"

"நிக்குது ஆச்சி. கூரை பாதி இல்லை."

"நான் கையெழுத்துப் போடாத கூரையைப் பிரிக்க வச்சவக அவுகதான். அவுகளையே திரும்பப் போட்டுத் தரச் சொல்லு" என்றார். மறு வாரம் பங்காளிகளுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது.

இடத்தை வாங்க வந்தவர், நடுவில் முட்டுக் கொடுத்த அறையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார். முட்டுக்கட்டையை எடுத்தால் சுவர் விழும், சுவர் விழுந்தால் வழக்கு. பங்காளிகள் அவரிடம் வந்து, கட்டைகளைக் கொஞ்ச நாளைக்கு வாடகைக்கு விடச் சொன்னார்கள்.

"இது பந்தல் சாமான் இல்லை சார். நான் விலைக்கு வாங்குன மரம். நீங்களும் விலைக்குத்தான் வாங்கணும்" என்றார்.

"எங்க வீட்டு மரம்யா அது!"

"ஆமா. நல்ல மரம்."

அவர் அம்மாவைக் காப்பாற்றினார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. கேரள ஓட்டலுக்குக் கொடுத்த நஷ்டம், லாரி நின்ற வாடகை, மழையில் வேலை பார்த்த ஆட்களுக்கு இரட்டைச் சம்பளம், கூரையைத் திரும்பப் போட்டது, மரத்தின் புது விலை என்று எதையும் விடாமல் பங்காளிகளிடம் கேட்டு வாங்கினார். "எங்கம்மாவை இறக்கினதுக்கு என்ன போட்டீக?" என்றேன். "அது ஓடு பிரிச்ச கூலியிலயே வந்துருச்சு" என்றார். அன்பாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதன்பிறகு அவருக்குக் கழுத்து ஒரேயடியாகத் திரும்பாமல் போய், கிடங்கைக் கொடுத்துவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். தெருவில் இப்போது பெண்கள் பயமில்லாமல் வாசலில் நிற்கிறார்கள். எனக்குத்தான் பயம் போகவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலேதான் பார்க்கிறேன். விருந்தாளிகள் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் வேலைப்பாடு என்று சொல்லிவிடுகிறேன். அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறாள். நான் இன்னும் அந்த வெறுந்தரையில் நின்று, அவள் வெளியே வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டின் மரம் மொத்தத்தையும் விற்றுப் பங்காளிகள் வாங்கியது ஒன்பது லட்சம். ஒரே ஓர் அறை விழாமல் நிற்க அவர்களுக்கு ஆன செலவு பதினொரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.